முடிவிலிக்கு ஐந்து பெயர்கள்

நூலகம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவில் எழுபவை மர அடுக்குகளும் பழந்தாளின் மணமும்தான். நிரல் எழுதுவோரிடம் அதே சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. ஒருவர் ஒருமுறை நன்றாக எழுதி வைத்த நிரல்களை, மற்றவர்கள் மீண்டும் எழுதாமல் அழைத்துப் பயன்படுத்தும் வகையில் தொகுத்து வைத்தால் அது நூலகம். யாரும் அதை உட்கார்ந்து வாசிப்பதில்லை. அதன்மேல் ஏறி நின்று வேறு எதையோ எட்டிப் பறிக்கிறார்கள். நிற்பவர்கள் காலுக்குக் கீழே குனிந்து பார்ப்பது அரிது. பைத்தான் என்ற நிரல்மொழியின் கணித நூலகமான நம்பை, 2024 ஜூன் 16 அன்று தன் இரண்டாம் பெரும்பதிப்பை வெளியிட்டபோது பலரும் அப்படிக் குனிந்து பார்க்க நேர்ந்தது. அதன் முதற்பதிப்பு வெளியானது 2006 அக்டோபரில். இடையில் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள்.

இலக்கிய வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி நியாயமானதே. பழைய நூலொன்றைத் திருத்திப் பதிப்பிப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. மூலத்தில் ஒரு பிழை இருக்கிறது, அது பிழை என்று அவருக்கு ஐயமறத் தெரியும். ஆனால் அந்தப் பிழையான பாடத்தை வைத்தே மூன்று தலைமுறை உரைகாரர்கள் பொருள் சொல்லிவிட்டார்கள். இப்போது திருத்தினால் பாட்டு சரியாகும், உரைகள் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். நம்பையைப் பராமரித்தவர்கள் எதிர்கொண்டதும் இந்தச் சங்கடமே. அவர்கள் விஷயத்தில் அந்தரத்தில் நிற்கக்கூடியவை வானியல், மரபியல், நிதி, பொறியியல் ஆகிய துறைகளின் கணக்குகள்.

கைடோ வான் ரோசம் ஆம்ஸ்டர்டாமில் உருவாக்கி 1991ல் பொதுவில் வைத்த பைத்தான், அறிவியல் கணக்கீட்டுக்காகப் பிறந்த மொழியன்று. எளிதாக எழுதவும், எழுதியதை எளிதாகப் படிக்கவும் வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதில் பத்து லட்சம் எண்களை ஒரு பட்டியலாக வைத்தால், ஒவ்வோர் எண்ணும் தனித்தனிப் பொட்டலமாக நினைவகத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். பட்டியலில் இருப்பவை அந்தப் பொட்டலங்களின் முகவரிகள் மட்டுமே. இரண்டு பட்டியல்களைக் கூட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு முகவரிக்கும் போய், பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருப்பது என்ன வகை எண் என்று விசாரித்து, கூட்டி, புதிதாகப் பொட்டலம் கட்ட வேண்டும். ஃபோர்ட்ரானில் கணக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு இது பொறுக்க முடியாத தாமதம்.

1995ல் இதற்கென ஓர் ஆர்வலர் குழு கூடியது. ஜிம் ஃபுல்டன் ஒரு தொடக்க வடிவத்தைச் செய்திருந்தார். எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்த ஜிம் ஹுகுனின் அதை விரித்து எழுதினார். உயிர்வேதிப் பொருட்களின் இயக்கத்தைக் கணிப்பவரான கொன்ராட் ஹின்சன், லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் பால் துபுவா, டேவிட் ஆஷர் முதலியோர் உடனிருந்தார்கள். நியூமெரிக் என்று பெயர் பெற்ற அந்த நூலகம் பைத்தானுக்கு 'அணி' என்ற பொருளைக் கொடுத்தது. (நம் இலக்கணத்தின் அணியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், எண்களை நிரையும் நிரலுமாக நிறுத்தும் கணித அணி இது.) மொழியை ஆக்கியவரே இவர்களுக்காக மொழியின் இலக்கணத்தில் சில இடங்களை நெகிழ்த்தினார் என்பது குறிப்பிடத்தக்கது. பல பரிமாணங்கள் கொண்ட அணியில் 'இடையில் உள்ள எல்லாத் திசைகளும்' என்று சொல்வதற்காக மூன்று புள்ளிகள் பைத்தானின் இலக்கணத்தில் ஏறின. நம் புதுக்கவிதைகளில் மூன்று புள்ளி என்ன வேலை செய்கிறது என்று சொல்வது சில சமயம் கடினம். பைத்தானில் அதற்குத் திட்டவட்டமான பொருள் உண்டு.

அந்த அணியின் உள்ளமைப்பைச் சற்று நின்று பார்ப்பது தகும், ஏனெனில் பின்னால் வரும் சண்டைகளும் முறிவுகளும் அதைச் சுற்றியே நிகழ்ந்தன. மூன்று நிரை, நான்கு நிரல் கொண்ட ஓர் அணியில் பன்னிரண்டு எண்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டு பைட் இடம். அவை பொட்டலம் ஏதுமின்றி, இடைவெளியின்றி, ஒரே கோடாக நினைவகத்தில் கிடக்கின்றன. அணி என்ற பெயரில் தனியே இருப்பது ஒரு சிறு குறிப்புச் சீட்டு மட்டுமே: இங்கிருப்பவை என்ன வகை எண்கள், எத்தனை நிரை, எத்தனை நிரல், அடுத்த எண்ணுக்குப் போக எட்டு பைட் தாண்டு, அடுத்த நிரைக்குப் போக முப்பத்திரண்டு பைட் தாண்டு. நிரையை நிரலாக்கிப் புரட்ட வேண்டுமா? ஓர் எண்ணைக்கூட நகர்த்த வேண்டியதில்லை. சீட்டில் உள்ள எட்டையும் முப்பத்திரண்டையும் (மூன்றையும் நான்கையும் சேர்த்தே) இடம் மாற்றி எழுதினால் போதும். பத்துக் கோடி எண்களுக்கும் இதே கதிதான். இத்தனை எளிய ஏற்பாட்டில் உள்ள அழகு, அதைக் கணிதம் என்று சொல்வதா கணக்குப்பிள்ளையின் சாமர்த்தியம் என்று சொல்வதா என்று நம்மைத் திகைக்க வைக்கிறது.

நியூமெரிக் நன்றாகவே உழைத்தது. ஆனால் அதன் உள்நிரல் அடர்ந்த காடு. புதிதாக ஒரு பாதை போடுவது எளிதன்று. பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் ஹபிள் தொலைநோக்கியின் படங்களைக் கையாளும் இடம். அங்கிருந்த பெர்ரி கிரீன்ஃபீல்டும் அவருடன் பணியாற்றியோரும் 2000களின் தொடக்கத்தில் நம்அரே என்ற மாற்று நூலகத்தை எழுதினார்கள். மிகப் பெரிய படங்களைக் கோப்பிலிருந்தே நேரடியாகப் படிப்பது, பலவகைத் தரவுகளை ஒரே வரிசையில் வைப்பது ஆகியவை அவர்களுக்குத் தேவைப்பட்டன. பெரிய அணிகளில் நம்அரே விரைவாக ஓடியது. சிறிய அணிகளில் நியூமெரிக்கே முந்தியது. சிறிய அணிகளை லட்சம் முறை அழைப்பவர்கள் பழையதை விட மறுத்தார்கள். பெரிய படங்களைக் கையாள்பவர்கள் புதியதற்குப் போய்விட்டார்கள். 2001ல் எரிக் ஜோன்ஸ், டிராவிஸ் ஆலிஃபண்ட், பெயாரு பீட்டர்சன் ஆகியோர் தொடங்கிய சைபை என்ற பெருந்தொகுப்பு நியூமெரிக்கின் மேல் கட்டப்பட்டிருந்தது. வானியலாளரின் கருவிகள் நம்அரேயின் மேல். ஒரே மொழி, ஒரே கணிதம், இரண்டு குறிப்புச் சீட்டுகள். ஒருவர் கட்டியதை மற்றவர் எடுத்தாள முடியாத நிலை வந்தது.

பிளவுகள் நமக்குப் புதியவை அல்ல. ஒரு சிற்றிதழ் இரண்டாகி, இரண்டும் தலா முன்னூறு பிரதி அச்சிடும் கதை நம் வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருள் உலகிலும் அதே நிகழும். ஒரு வேறுபாடு: மூலநிரல் இருவருக்கும் திறந்தே இருப்பதால், மூன்றாவது ஒருவர் இரண்டையும் எடுத்து இணைக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் உட்கார்ந்து செய்ய ஒருவர் வேண்டும். டிராவிஸ் ஆலிஃபண்ட் அப்போது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். மருத்துவப் படிமவியல் அவர் துறை. 2005ல் அவர் நியூமெரிக்கை அடித்தளமாக வைத்து, நம்அரேயின் சிறப்புகளை அதனுள் இறக்கி எழுதத் தொடங்கினார். முதலில் அது சைபையின் ஒரு பகுதியாகவே வெளிவந்தது. ஓர் அணி வேண்டும் என்பதற்காக யாரும் சைபை முழுவதையும் சுமக்க விரும்பமாட்டார்கள் என்று கண்டு, அதைத் தனியே பிரித்து நம்பை என்று பெயரிட்டார்கள்.

உதவிப் பேராசிரியர் பதவியில் உயர்வுக்குக் கணக்கில் வருபவை ஆய்வுக் கட்டுரைகள். இரண்டு நூலகங்களை ஒன்றாக்கியது அந்தக் கணக்கில் எந்தக் கட்டத்திலும் விழாது. ஆலிஃபண்ட் நம்பைக்கான விளக்க நூல் ஒன்றை எழுதி விலைக்கு விற்றார். நிரல் இலவசம், அதை விளக்கும் புத்தகத்துக்கு மட்டும் விலை. கட்டற்ற மென்பொருளின் நெறிக்கு இது பொருந்துமா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. தன் நேரத்தைக் கொட்டிய ஒருவர் புத்தகம் விற்றதில் குறைகாண நம்மால் இயலவில்லை. 2008ல் அந்த நூலும் எல்லோருக்கும் பொதுவாக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2007ல், அவர் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியிருந்தார்.

இணைப்பு வேலையில் மிகுந்த பொறுமை கோரியது புதியதை எழுதுவதன்று, பழையவர்களை அழைத்து வருவது. நியூமெரிக்குக்கு எழுதிய நிரலும் நம்அரேக்கு எழுதிய நிரலும் நம்பையில் ஓடுவதற்கென இரண்டு இணக்கப் பகுதிகள் உள்ளே வைக்கப்பட்டன. பழைய பெயர்களைப் புதிய பெயர்களாக மாற்றித்தரும் சிறு கருவிகளும் தரப்பட்டன. அந்த இணக்கப் பகுதிகள் நீக்கப்பட்டது 2014ல், 1.9ஆம் பதிப்பில். எட்டாண்டுக் காலம் வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். இதற்கு நடுவே பைத்தான் மொழியே 2008 டிசம்பரில் பழைய நிரல்களோடு ஒத்துப்போகாத மூன்றாம் பதிப்புக்குத் தாவியது. 2010ல் நம்பை அதையும் ஏற்றுக்கொண்டு, பின்னர் 2019 வரை இரண்டு பைத்தான்களிலும் ஓடும்படி ஒரே நூலகத்தைப் பேணியது.

இந்த ஆண்டுகளில் நம்பையின் மேல் எழுந்தவற்றை விரித்தால் பட்டியல் நீளும். 2016ல் அறிவிக்கப்பட்ட ஈர்ப்பலைக் கண்டுபிடிப்பின் கணக்குகளிலும், 2019ல் வெளியான கருந்துளையின் முதல் படத்திலும் அது இருந்தது. இயந்திரக் கற்றலின் பெருங்கருவிகள் அதன் அணியைப் பார்த்தே தம் அணிகளை வடித்துக்கொண்டன. இத்தனைக்கும் 2017 வரை அதன் வளர்ச்சிக்கென்றே தனியாக ஒதுக்கிய பெரிய நிதி எதுவும் இருக்கவில்லை. அவ்வாண்டு மூர் அறக்கட்டளையும் அடுத்து ஸ்லோன் அறக்கட்டளையும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வழியாக உதவின. அதுவரை மாலை நேரங்களிலும் விடுமுறைகளிலும், வேறு வேலைக்கு ஊதியம் பெறுவோர் செய்துவந்த பணி அது. 2020ல் நேச்சர் இதழில் நம்பையைப் பற்றிய கட்டுரை 26 பேரின் பெயரோடு வெளிவந்தது. அறிவியல் நூலகத்தைப் பராமரிப்பதும் அறிவியலே என்று துறை ஒப்புக்கொள்வதற்கு நியூமெரிக்கிலிருந்து கணக்கிட்டால் கால் நூற்றாண்டு ஆயிற்று.

எவரையும் கைவிடாத வீட்டில் சாமான் சேரும். நம்பையில் முடிவிலிக்கு மட்டும் ஐந்து பெயர்கள் இருந்தன. சிற்றெழுத்தில் ஒன்று, முதலெழுத்தைப் பெரிதாக்கி ஒன்று, முழுச்சொல்லாக ஒன்று, சுருக்கமாக ஒன்று, 'நேர்' என்ற அடையோடு ஒன்று. நிகண்டு படித்தவருக்கு இது குறையாகத் தோன்றாது. ஒரு பொருட்பன்மொழி நமக்குச் செல்வம். நிரலிலோ, படிப்பவர் ஒவ்வொரு முறையும் இது வேறு ஏதோ போலும் என்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் பதிப்பில் ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் நீக்கினார்கள். இதுபோல முதன்மைப் பெயர்வெளியிலிருந்து ஏறத்தாழ நூறு பெயர்கள் போயின.

பெயர் போவது சிறிய துன்பம். நிரல் உடனே நின்று, இப்பெயர் இல்லை என்று சொல்லிவிடும், மாற்றிக்கொள்ளலாம். நிரல் நிற்காமல் ஓடி, விடை மட்டும் மாறுவதுதான் அஞ்சத்தக்கது. எண்வகைகளின் கூட்டல் விதி அப்படிப்பட்டது. குறியில்லாத எட்டு பிட் முழு எண் என்று ஒரு வகை உண்டு. படங்களின் ஒவ்வொரு புள்ளியும் பெரும்பாலும் அதில்தான் சேமிக்கப்படுகிறது. அதில் 0 முதல் 255 வரையே எழுத முடியும். 255ஐத் தாண்டினால் பழைய வண்டிகளின் தூரமானியைப் போல மறுபடி 0க்கு வந்துவிடும். இப்போது அந்த வகையில் 100 என்ற எண்ணை வைத்துக்கொண்டு 200ஐக் கூட்டுகிறோம். பழைய நம்பையில் தனி எண்ணாக வைத்துக் கூட்டினால் விடை 300. நூலகம் தானாகவே பெரிய வகைக்கு மாறிக்கொள்ளும். அதே 100ஐ ஓர் உறுப்பு மட்டும் கொண்ட அணியாக வைத்துக் கூட்டினால் விடை 44, அதாவது 300லிருந்து 256 போக மீதம். அதே அணியோடு 200க்குப் பதில் 300ஐக் கூட்டினாலோ, சரியாக 400 வரும். கூட்டப்படும் எண் எட்டு பிட்டுக்குள் அடங்குமா என்று அதன் மதிப்பைப் பார்த்து நூலகம் முடிவு செய்துகொண்டிருந்தது. சிறிய எண்ணைக் கூட்டினால் தவறு, பெரிய எண்ணைக் கூட்டினால் சரி!

இது எவரும் தீயெண்ணத்தோடு வைத்த விதியன்று. நினைவகம் அருமையாக இருந்த காலத்தில், எட்டு பிட் படத்தோடு ஒரு சாதாரண எண்ணைக் கூட்டியதால் படம் முழுதும் எட்டு மடங்கு பருத்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் பிறந்த விதி. புதிய பதிப்பு மதிப்பைப் பார்ப்பதைக் கைவிட்டு, வகையை மட்டும் பார்க்கிறது. இனி தனி எண்ணானாலும் 100ஓடு 200 சேர்ந்தால் 44தான், எச்சரிக்கையோடு. 300ஐக் கூட்ட முயன்றால் பிழை என்று நின்றுவிடும். முதற்பார்வையில் இது பின்னேற்றம் போலத் தெரியும். 300 என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த நூலகம் இப்போது 44 என்கிறதே என்று கேட்கத் தோன்றும். ஆயினும் இந்த மாற்றத்தின் பக்கமே நாம் நிற்கிறோம். எப்போதும் ஒரே விதமாகத் தவறும் கருவியோடு வாழக் கற்றுக்கொள்ளலாம். உள்ளே போடும் எண்ணைப் பார்த்து நடத்தையை மாற்றும் கருவியிடம் காவல் காப்பது எவராலும் ஆகாது.

விண்டோஸ் கணினிகளின் கதையும் இதற்கு நெருங்கியதே. லினக்ஸில் சாதாரண முழு எண் 64 பிட். விண்டோஸில், சி மொழியின் பழைய வழக்கம் ஒன்றின் விளைவாக, நம்பை 32 பிட்டையே எடுத்துக்கொண்டது. எனவே 50000 என்ற உறுப்பைக் கொண்ட அணியை வர்க்கப்படுத்தினால் லினக்ஸில் 2500000000. விண்டோஸில் அது 2147483647 என்ற எல்லையைத் தாண்டிவிடுவதால் விடை ஒரு குறை எண். ஒரே நிரல், ஒரே நூலகம், இரண்டு மேசைகளில் இரண்டு விடைகள். பதினெட்டு ஆண்டுகள் இது இப்படியே இருந்தது. இரண்டாம் பதிப்பில் 64 பிட் கணினிகள் அனைத்திலும் 64 பிட்டே இயல்பு.

எல்லாவற்றிலும் பெரிய முறிவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிகழ்ந்தது. நம்பையின் மேல் கட்டப்பட்ட பல நூலகங்கள் சி மொழியில் எழுதப்பட்டு, கம்பைல் செய்யப்பட்டு, இயந்திர மொழியாகவே வழங்கப்படுபவை. அவை நம்பையின் குறிப்புச் சீட்டை அதன் பெயர்களால் அறிவதில்லை. சீட்டின் தொடக்கத்திலிருந்து இத்தனையாவது பைட்டில் இன்னது இருக்கும் என்ற கணக்கால் அறிகின்றன. வாசலிலிருந்து பத்தடி வைத்துக் கைநீட்டினால் விளக்கு என்று இருட்டில் பழகியவரைப் போல. எண்வகை பற்றிய சீட்டின் அமைப்பு இரண்டாம் பதிப்பில் மாறியது. பழையபடி கைநீட்டியவர்களுக்கு அங்கே விளக்கு இல்லை. ஆகவே அத்தனை நூலகங்களும் மறுபடி கம்பைல் செய்யப்பட வேண்டியதாயிற்று. இரண்டாம் பதிப்பைக் கொண்டு கம்பைல் செய்தவை முதற்பதிப்பின் அண்மைய வெளியீடுகளிலும் ஓடும் என்ற ஏற்பாடு இருந்ததால்தான் இது பேரழிவாகாமல் தப்பியது. வெளியீட்டுக் குறிப்பின்படி 11 மாத உழைப்பு, 212 பேர், 1078 மாற்றங்கள்.

எதிர்க்குரல் இல்லாமல் இல்லை. அதை முன்னமே எழுப்பியவர் வெளியாரும் அல்லர். 1995ல் நியூமெரிக்கின் பிறப்பிலேயே உடனிருந்த அதே கொன்ராட் ஹின்சன், 2017ல், பைத்தானின் அறிவியல் நூலகங்களுக்கு நிலைத்தன்மை வேண்டும் என்று வெளிப்படையாக வேண்டுகோள் விடுத்தார். மென்பொருள் தானாகத் துருப்பிடிப்பதில்லை. அதைத் தாங்கும் தளம் நகர்வதால் அது சரிகிறது, நிலநடுக்கப் பகுதியில் வீடு கட்டுவதைப் போன்றது இது என்பது அவர் கருத்து. பெரிய குழுக்கள் ஆளை வைத்துத் திருத்திக்கொள்ளும். ஓர் ஆய்வு மாணவர் பட்டத்துக்காக எழுதி, முடித்து, வேறு வேலைக்குப் போய்விட்ட நிரலை யார் திருத்துவார்? கட்டுரை மட்டும் இதழில் இருக்கும், அதன் எண்களைப் பிறப்பித்த நிரல் ஓடாது. பின்னர் அவர் இணைந்து நடத்திய ஒரு முயற்சியில், பத்தாண்டுக்கு முன் வெளியிட்ட தம் கட்டுரைகளின் நிரல்களை ஆய்வாளர்கள் தாமே மறுபடி ஓட்டிப் பார்க்க அழைக்கப்பட்டார்கள். இந்த வாதத்துக்கு நம்மிடம் முழுமையான மறுமொழி இல்லை. தவறான கூட்டல் விதியைப் பதினெட்டு ஆண்டு காத்ததும் அந்த மாணவருக்காகவே, அதைத் திருத்தியதும் இனி வரப்போகும் மாணவருக்காகவே. இருவரில் ஒருவரே வேண்டுகோள் வைக்கக்கூடிய நிலையில் இருக்கிறார் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

ஆளிருந்த நூலகங்கள் சில மாதங்களில் புதிய பதிப்புக்கு நகர்ந்தன. பெயர் மாற்றங்களைத் தானே கண்டு திருத்தும் கருவிகளும் வந்தன. ஆளில்லாதவை வேறு வழியைக் கைக்கொண்டன. தேவைகளைக் குறிக்கும் கோப்பில் ஒரே ஒரு வரி: நம்பை, 2க்குக் கீழ். அந்த வரியை எழுதியதும் எல்லாம் முன்போல ஓடும், 1.26ஆம் பதிப்போடு. 1.26 பைத்தான் 3.12 வரைக்குமானது. 2024 அக்டோபரில் பைத்தான் 3.13 வெளிவந்தது, அதற்கான நம்பை 2.1லிருந்துதான் தொடங்குகிறது.